இறைவார்த்தைத் தியானக் குழு: செயலர் ஆண்டறிக்கை

இயேசுவில் அன்பார்ந்த பங்குத்தந்தை அவர்களே, அன்பிய ஒருங்கிணைப்பாளர்களே, குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாரக் கூட்டங்கள், தவக்கால ஒருநாள் தியானம், ஓரியூர் திருப்பயணம் ஆகியவை திட்டமிட்டபடி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையில் நாம் செபிக்கும் முறையைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதிகாரம் அதிகாரமாக வாசிப்பதை நிறுத்தி, ஒரு கூட்டத்துக்கு 8 முதல் 12 வசனம் போதும் என்று செயற்குழு இவ்வாண்டு முடிவெடுத்தது. பகுதி நீண்டால் மனம் நிகழ்ச்சியின் பின்னால் ஓடிவிடுகிறது. எந்தச் சொல்லும் உள்ளே தங்குவதில்லை. மறைநூல் வாசிப்போடு செபமும் சேர்ந்தால்தான் அது கடவுளோடு உரையாடலாகும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியதும் இதைத்தான்.

நாம் கைக்கொள்வது 12ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ வகுத்த நான்கு படிகள்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவன் முன் அமைதியில் அமர்தல். ஒருவர் மட்டும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பிலிருந்து நிதானமாக மூன்று முறை வாசிக்கிறார். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்கிறார்கள். பலர் கையில் பல பதிப்பு இருந்தால் கண் வேறுபாட்டைத் தேடத் தொடங்கிவிடும். செல்பேசி விவிலியம் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் வாசிப்புக்குப் பின் 2 நிமிட மௌனம். இரண்டாம் வாசிப்புக்குப் பின் மனதில் தைத்த ஒரு சொல்லை மட்டும், விளக்கம் இல்லாமல், ஒவ்வொருவரும் சொல்வர். மூன்றாம் வாசிப்புக்குப் பின் அவரவர் செபம். முடிவில் 10 நிமிடம் முழு மௌனம்.

அந்த 10 நிமிடந்தான் மிகக் கடினம். மூன்றாவது நிமிடத்திலேயே யாராவது பாட்டைத் தொடங்கிவிட ஆசைப்படுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மௌனம் சங்கடமாக இருப்பது இயல்பு. அந்தச் சங்கடத்தைத் தாண்டிய பிறகே மனம் அடங்கத் தொடங்கும். எண்ணம் சிதறினால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல், தைத்த சொல்லுக்கு மெல்லத் திரும்பினால் போதும்.

பகிர்வில் வரும் குறைகள் இரண்டு. ஒன்று, பிரசங்கம். 'நாம் எல்லோரும்' என்று வாக்கியம் தொடங்கினால் அது பெரும்பாலும் அறிவுரையில்தான் முடியும். 'எனக்கு' என்று தொடங்கும்படி வழிநடத்துபவர் நினைவூட்ட வேண்டும். மற்றொன்று, கண்ணீரோடு பகிர்பவருக்கு உடனே தீர்வு சொல்வது. அவருக்குத் தேவை கேட்கும் காதுகள். கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

தொடக்கநிலையினருக்குப் பவுலின் வாதப் பகுதிகளைக் கொடுக்காதீர்கள். திருப்பாடல்களும், மாற்கு 10:46-52 போன்ற குணமளிக்கும் நிகழ்ச்சிகளும் ஏற்றவை. தான் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்வையற்ற பர்த்திமேயுவிடம் இயேசு கேட்கும் கேள்வியை ஒவ்வொருவரும் தம்மிடம் கேட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். பதிலை வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள்: "ஆண்டவரே, எனக்கு முடியல, கூட இருங்க." 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, இம்மண்ணின் மொழியில் இறைவனைப் பேசத் தமிழை ஆழ்ந்து கற்றார். நாம் பிறப்பிலேயே பெற்ற மொழியை விட்டு ஏட்டு வாசகங்களுக்குள் ஒளிந்துகொள்வானேன்? அதே பகுதியையே மறுவாரமும் எடுப்பதில் சிலருக்கு வருத்தம் உண்டு. மறுபடி செல்லும்போதுதான் ஆழம் கிடைக்கும் என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் தெளிவாக உள்ளது.

செபத்தில் வறட்சி, அதாவது உள்ளத்தில் ஆறுதல் தோன்றாத நிலை, பற்றிப் பலர் கேட்டனர். இஞ்ஞாசியார் மூன்று காரணம் சொல்கிறார்: நம் அசட்டை, ஆறுதல் கிடைக்காதபோதும் நிலைத்திருப்போமா என்ற சோதனை, ஆறுதல் நம் சாதனையன்று, கொடை என்று உணர்த்துதல். அந்நேரம் முந்தைய நல்ல முடிவுகளை மாற்றக் கூடாது. செபநேரத்தைக் குறைக்காமல் சற்றே கூட்ட வேண்டும். 20 நிமிடம் என்றால் 22 நிமிடம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமின்மை, பசியின்மை, சாவைப் பற்றிய எண்ணம் இருந்தால் அதை வறட்சி என்று விட்டுவிடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரவு ஆன்ம ஆய்வு வீட்டுப் பயிற்சியாகத் தொடர்கிறது. நன்றி, ஒளி வேண்டல், அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம், 15 நிமிடம். நன்றியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு இது பாவப் பட்டியலாகச் சுருங்கி, சில நாளில் நின்றும்போகிறது.

ஓரியூரில், 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் உயிர் கொடுத்த மண்ணில், அரைமணி நேரம் மௌனமாக அமர்ந்தோம். அடுத்த ஆண்டும் அப்படியே நடத்தலாம்.

வரும் ஆண்டுக்கான முன்மொழிவுகள் இவை. 12 பேருக்கு மேல் போனால் பகிர்வு இழுபடுவதால் குழுவை இரண்டாகப் பிரிக்கலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன்பே வேலைக்குச் செல்லும் உறுப்பினர்கள் இரவு 7 மணிக்குக் களைத்துவிடுவதால், இரண்டாம் குழு மாலை 4 மணிக்குக் கூடலாம். சித்திரைத் திருவிழா வாரங்களில் கூட்டத்தைத் தெருவோர வீடுகளில் வைக்காமல் பங்கு வளாகத்தின் உள்ளறைக்கு மாற்றலாம். இவற்றுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இறைபணியில்,
செயலர்