தம்பிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நன்றி

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பணியாற்றிய வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கும், அவர்கள் நினைவுகளைத் திரட்ட எனக்குக் கை கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டை நம்மில் பலர் காய்கறிப் பையோடு தாண்டிப் போயிருப்போம். முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது. அந்த வரியில் ஒரு பெயர்கூட இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு அது உறுத்தல். 1971க்குப் போய் வந்தவர்களையாவது அப்படி விட்டுவிடக் கூடாது என்றுதான் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன்.

"பட்டாளத்துக்குப் போனோம், வந்தோம், பென்ஷன் வருது. வேற என்ன?" ஏழெட்டு வீடுகளில் இதே பதில்தான். பேச வைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். அதனால் முதல் நன்றி அவர்களுக்கு. ஓர் அம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து இன்லண்ட் கடிதக் கட்டு ஒன்றை எடுத்து வந்தார். எல்லாவற்றிலும் 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்). "இது எந்த ஊரு தாத்தா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில்தான் பேச்சே தொடங்கியது. படை நிற்கும் இடம் வெளியே தெரியக் கூடாதென்று கிழக்கே இருப்பவர்களுக்கெல்லாம் 99, மேற்கே இருப்பவர்களுக்கு 56 என்பதே முகவரி. புருஷன் இருக்கும் இடம் தெரியாமல், ஓர் எண்ணுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த அம்மா.

ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த தாத்தாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் படையில் எந்த வயதானாலும் 'தம்பி'தான் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குப் பேரனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில் நடந்த பசந்தர் ஆற்றங்கரைச் சண்டை என்றால் 21 வயதில் டாங்கியிலேயே உயிர்விட்ட இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் நினைவுக்கு வருவார். வர வேண்டியதுதான். ஆனால் அந்த டாங்கிகள் போகக் கண்ணிவெடி வயலில் வழி திறக்க முயன்றவர்கள் சாப்பர்கள். வெடியைத் தேடும் கம்பியை மண்ணில் நேராகக் குத்தக் கூடாது, வெடியின் தலையில் பட்டுவிடும். சாய்வாக நுழைத்து, பக்கவாட்டில் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தா திண்ணையில் மண்டியிட்டு, ஊதுவத்திக் குச்சியால் அதைச் செய்து காட்டினார். பாதை திறந்ததும் இருபுறமும் வெள்ளை நாடா. "பின்னாடி வர்றவன் அந்த நாடாவை நம்பித்தான் வருவான்" என்றார். கை நடுங்கியது, வயதாலா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பதிவை என் கைபேசியில் நானே அழித்துத் தொலைத்தேன். மறுநாள் போய்த் தலையைச் சொறிந்தபோது, மனிதர் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து சொன்னார். அப்புறம், டிஸ்சார்ஜ் புத்தகங்களின் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளைப் பிரித்துச் சொன்ன ஓய்வுபெற்ற சுபேதார், இரவெல்லாம் தட்டச்சு செய்த கல்லூரித் தங்கை, வெற்றி நாளான டிசம்பர் 16 அன்று பெரியவர்களைக் கூட்டி வந்து காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பி (இவர் நிஜமாகவே தம்பி), எல்லோருக்கும் நன்றி.

ஒருவர் கடைசி வரை பேசவில்லை. காபி கொடுத்தார், பெயரையும் படை எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். "கூட வந்தவன் ஒருத்தன் திரும்பல. அவன் பேரை எனக்கு மேல எழுது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன், ஐயா. அந்தப் பக்கத்தின் மீதி வெறுமையாகவே இருக்கிறது.

கடிதக் கட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அம்மா. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
நோட்டுக்காரன்