கார் காலியாகத் தெரிகிறதாம்

அன்பு சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே அமெரிக்காவில், சார்ல்ஸ்டனில் எல்லோரும் நலம்.

அப்புறம், "அங்கே கறுப்பினத்து ஆண்கள் பிள்ளைகளை அம்மா தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்களாமே?" என்று கேட்டிருந்தாய். என்னோடு குடோனில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினத்தவரைப் பற்றிச் சொல்கிறேன். மனைவியைப் பிரிந்து ஐந்து வருடம். மகன் அம்மாவிடம் இருக்கிறான், மூன்றாம் வகுப்பு. தினமும் ஆறரை மணி இடைவேளையில் போனைச் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்து, பையனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். ரொட்டியை நாலாகப் பிய்த்து ஒரு துண்டைக் காட்டி, "இது எவ்வளவு?" என்பார். பதில் வரும்வரை அதை வாயில் போட மாட்டார். காரின் பின்சீட்டில் பையனின் இருக்கை வாரம் முழுக்க மாட்டியே இருக்கும். சனிக்கிழமைதானே வருவான், கழற்றி வைக்கலாமே என்றேன். கழற்றினால் கார் காலியாகத் தெரிகிறது என்றார்.

என் அப்பா துபாயில் இருந்த பதினொரு வருடத்தில் நான் அவரைப் பார்த்தது ஐந்து முறை. ஊரில் யாரும் அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொன்னதில்லை, சேகர்.

பிரிந்து வாழ்பவர்கள் அதிகம் என்பது உண்மைதான். பியூ ஆய்வு மையம் 2011இல் சொன்ன கணக்குப்படி, கறுப்பின அப்பாக்களில் 44 சதவீதம் பேர் ஒரு பிள்ளையையாவது பிரிந்து இருக்கிறார்கள், வெள்ளையரில் 21. ஆனால் அப்படிப் பிரிந்திருப்பவர்களில் மாதம் ஒருமுறையாவது பிள்ளையைப் பார்ப்பவர்கள் கறுப்பினத்தவரில் 67 சதவீதம், வெள்ளையரில் 59. முதல் கணக்கைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

கோர்ட்டுக்குப் பணம் ஒன்றுதான் தெரியும். பிள்ளைக்குப் பணம் வேண்டும்தான், அந்த அம்மாவும் தனியாக மல்லுக்கட்டுகிறார். ஆனால் பிரிந்திருக்கும் அப்பா கட்ட வேண்டிய பராமரிப்புப் பணத்தில் ஏறிவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாது என்று 1986லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் இவருக்கு வேலை போயிருந்த மாதங்களின் பாக்கி இன்னும் நிற்கிறது. பக்கத்தில் வடக்கு சார்ல்ஸ்டனில், 2015 ஏப்ரலில், பிரேக் லைட் எரியவில்லை என்று வால்டர் ஸ்காட்டின் காரைப் போலீஸ் நிறுத்தியது. நாலு பிள்ளைகளின் அப்பா. இறங்கி ஓடியவரை முதுகில் சுட்டுக் கொன்றார் போலீஸ்காரர். பராமரிப்புப் பண பாக்கிக்கு வாரண்ட் இருந்ததால் பயந்து ஓடியிருப்பார் என்றார்கள் வீட்டார். என்னோடு வேலை பார்ப்பவர் அந்தத் தெரு வழியாகத்தான் மகனைக் கூட்டிவரப் போகிறார்.

இந்தச் சனிக்கிழமை இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். பையனுக்குத் தோசை பிடிக்குமா தெரியவில்லை. சரி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பாலு