துவரை விளையும் ஊரில் களிக்கு மாவு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிறேன். துவரை விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் வணிகப் பக்கத்தில் செய்தி வருகிறது. அந்தத் துவரையில் ஒரு பங்கை வெளிநாட்டில் விதைத்து நமக்கு அனுப்புகிறவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று ஒரு வரியும் வந்ததாக நினைவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வது மலாவியை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் கடலே இல்லாத சின்ன நாடு, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. பெரும்பாலும் ஓரிரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர்கள். வருடத்துக்கு ஒரே மழைக்காலம், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அதை நம்பி மக்காச்சோளம் போடுவார்கள், தென் மாவட்டங்களில் அதற்குள் ஊடுபயிராகத் துவரை, நம் பக்கம் நிலக்கடலைக்குள் போடுகிற மாதிரியே. மக்காச்சோள மாவில் கிளறும் ந்சிமா என்கிற களிதான் அவர்களுக்குச் சோறு. டிசம்பர் முதல் மார்ச் வரை பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதுசு வந்திருக்காது. நல்ல வருடத்திலேயே பல வீடுகளில் அரை வயிறுதான்.

இந்த நிலையில் 2022 ஜனவரியில் அனா புயல். 2023 மார்ச்சில் ஃப்ரெடி, ஆஸ்திரேலியா பக்கம் கிளம்பி இந்தியப் பெருங்கடல் முழுவதையும் தாண்டி, ஒரு மாதத்துக்கு மேல் ஓயாமல் சுற்றிய புயல். தெற்கே பிளான்டயர் நகரத்து மலைச்சரிவுகளில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல். அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த நேரம். சரி, அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம் என்று இருந்தவர்களுக்கு, பசிபிக் கடல் நீர் சூடாகி மழையைக் குலைக்கிற எல் நினோவால் வறட்சி வந்தது. 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதி என்று அப்போதைய ஜனாதிபதி சக்வேரா அறிவித்தார்.

எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போடக் கூடாது. அந்த வறட்சிக்கு முக்கியக் காரணம் எல் நினோ என்றுதான் ஆய்வாளர்கள் சொன்னார்கள், அனா கொட்டிய மழையைப் புவி வெப்பம் கூட்டியது என்றும் சொன்னார்கள். என்னை வருத்துவது இரண்டு அடிகளுக்கு நடுவே எழுந்திருக்க நேரமே இல்லாமல் போவது. ஒரு போகம் போனால் விதைக்கு வைத்ததைச் சமைக்க வேண்டும், ஆட்டை விற்க வேண்டும், அப்புறம் உரத்துக்குக் காசு ஏது? மறு வருடம் மழை நன்றாகப் பெய்தாலும் வெள்ளாமை கால்வாசி, அரைவாசிதான். இத்தனைக்கும் புவியைச் சூடாக்குவதில் அவர்கள் பங்கு சொற்பம்: அங்கே ஓர் ஆள் கணக்கில் வெளியாகும் கரியமில வாயு வருடத்துக்குச் சுமார் 0.1 டன், நம் நாட்டில் சுமார் 2 டன்.

துவரைக்கு ஆணிவேர் ஆழம் என்பதால் சோளம் காய்ந்தாலும் அது ஓரளவு தாங்கும், அதை விற்ற காசில் சோளம் வாங்கலாம். அந்தக் காசு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போக வேண்டியது. 2017 ஆகஸ்டில் நம் அரசு திடீரென்று துவரை இறக்குமதிக்கு வரம்பு போட்டதும் அந்தப் பக்க நாடுகளில் விலை விழுந்தது. இங்கே விலை சரிந்து நம் விவசாயி தவித்த வருடம் அது, காரணம் புரிகிறது. ஆனால் அவர்கள் அறுவடை நேரத்தில் கதவைச் சாத்தினோம், அதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். 2021-ல் மலாவியிலிருந்து வருடம் 50,000 டன் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது நல்ல காரியம். அப்படி ஓர் உறுதி இடைவெளி விடாமல் தொடர வேண்டும், எவ்வளவு வாங்குவோம் என்பதை அவர்கள் விதைக்கும் நவம்பருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பணக்கார நாடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் அடிபடும் ஏழை நாடுகளுக்கென்று முடிவான இழப்பு, சேத நிதி அக்டோபருக்குள் விதையாகவும் உரமாகவும் போய்ச் சேர்ந்தால்தான் பயன், பிப்ரவரியில் பசித்த பிள்ளைகளைப் படம் பிடித்த பிறகு வருகிற பணத்தில் அந்த வருட வெள்ளாமை திரும்பாது.

அடுத்த முறை துவரை விலை போடும்போது, பிளான்டயரில் ஒரு மூட்டை மக்காச்சோளம் என்ன விலை என்பதையும் பக்கத்தில் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
பருப்பு வியாபாரி ஒருவர்,
விருதுநகர்