போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு பெரியவர் சிங்கப்பூர் டிக்கெட்டும் கையுமாகக் கடைக்கு வந்தார். "தம்பி, போறப்ப ராத்திரி 11.30க்குக் கிளம்பி காலையில 6.20க்கு இறங்குது. வர்றப்ப 8 மணிக்குக் கிளம்பி 9.50க்கெல்லாம் சென்னைக்கு வந்துடுது. அந்த வேகமான பிளேனையே போறதுக்கும் போட்டுக் கொடுங்களேன்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6.20 என்றால் இங்கே விடிகாலை 3.50தான். ஆக, போக 4 மணி 20 நிமிடம், வரவும் அதேதான்.

பழைய ஆட்கள் சிலர் "ரெண்டு மணி நேர வித்தியாசம்தானே" என்பார்கள். அவர்கள் அங்கே இருந்த காலத்தில் அது சரிதான். 1982 பிறந்தபோது மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டது. அங்கே காலை ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது என்பதற்கும் இந்தக் கடிகாரக் கணக்குதான் காரணம்.

தூரம், நேராக அளந்தால், சுமார் 2,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வங்காள விரிகுடாவைத் தாண்டி, சுமத்ராவின் வடமுனைப் பக்கமாக மலாக்கா நீரிணைக்குள் இறங்குகிற வழி. மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே என்பீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் நாலு மணி, நாலரை மணி ஆகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று. வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விளக்குகிறோம் என்றால், எங்கள் வாடிக்கையாளர் ஒரு அம்மா மகனிடம், "பதினொன்றரைக்குக் கிளம்பறேன், நாலு மணி நேரம்தான்" என்று போனில் சொல்லிவிட்டார். மகன் அங்கே விடிகாலை நான்கு மணிக்கே சாங்கியில் போய் நின்றுவிட்டார். தவறு எங்களுடையதும்தான். நாங்கள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், தேதி. 14ஆம் தேதி இரவு ஏறினால் இறங்குவது 15. சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் எஸ்.ஜி. அரைவல் கார்டில் போட வேண்டியது இறங்கும் தேதி. ஹோட்டலுக்குச் சொல்லும்போதும் அதைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கார்டுக்குக் கட்டணம் கிடையாது, யாரும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி டிக்கெட் உறையின் மேலேயே இறங்கும் நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் பேனாவால் எழுதித் தருகிறோம். பெரியவருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "சரி, ஜன்னல் சீட்டாவது போடுங்க" என்றார். போட்டுவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் டிராவல்ஸ் கடையினர்,
மண்ணடி, சென்னை