பொம்மையின் அடிப்பாகத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அனிமேஷன் படப் பாத்திரங்களின் பீங்கான் பொம்மைகளைச் சேகரிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் ‘லிமிடெட் எடிஷன்’ என்று போட்டிருந்தால் விலை ஏறியே தீரும் என்பதுபோல எழுதியிருப்பதுதான் நெருடுகிறது. மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டம்போவும் பினோக்கியோவும் என் அலமாரியில் நிற்கிறார்கள். அவர்களை நான் முதலீடு என்று நினைத்ததில்லை.

லிமிடெட் எடிஷனில் இரண்டு வகை உண்டு. மொத்தம் இத்தனைதான் என்று முதலிலேயே அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போடுவது ஒன்று. மற்றது வெறும் காலக்கெடு. ஓர் ஆண்டுக்குள் எத்தனை ஆர்டர் வந்தாலும் செய்துகொண்டே இருப்பார்கள். எத்தனை செய்தார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. பெட்டியில் என்னவோ இரண்டுக்கும் அதே பொன்னெழுத்துதான். எண் போட்டதிலும் இருபதாயிரம் என்றால் அதுவும் ஒரு வரம்புதானே!

ஒரு காலத்தில் இந்த வரம்புக்குத் தொழில் ரீதியான காரணம் இருந்தது. பீங்கான் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும், கூழ் ஓரத்தில் ஓடு மாதிரி இறுகும். ஊற்ற ஊற்ற அச்சின் உட்புறம் மழுங்கி, இமையும் விரல் மடிப்பும் தெளிவிழந்துவிடும். ஆனால் தாய் அச்சு பத்திரமாக இருந்தால் புது அச்சு எடுக்க அதிக நேரம் ஆகாது. ஆகவே ‘அச்சை உடைத்துவிட்டோம்’ என்று விற்பவர் சொன்னால், எந்த அச்சை என்று கேட்க வேண்டும்.

1992-இல் தொடங்கிய ‘வால்ட் டிஸ்னி கிளாசிக்ஸ் கலெக்‌ஷன்’ பொம்மைகளின் அடியில் ஆண்டுக்கு ஒரு சின்னம் இருக்கும். அது எந்த ஆண்டில் செய்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். வரம்பில்லாமல் செய்தவற்றிலும் அது உண்டு. அதைக் காட்டியே அரிய பொருள் என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். அப்புறம், அடியில் சின்னத் துளை இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே கூடாக இருக்கும் பொம்மை சூளையில் வெடிக்காமல் இருக்கக் காற்றுப் போக்கு வேண்டும், அதற்காக விட்டது.

பொம்மையோடு தரும் சான்றிதழில் உள்ள எண்ணும் பொம்மையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். ஒட்டிப் பூசிய இடம் பல சமயம் வேறு நிறத்தில் ஒளிரும். காது, வால், விரல் நுனி, இவைதான் முதலில் உடைகிறவை.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வெளியிட்டால், முகத்தோடு அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பீங்கான் ஆலைத் தொழிலாளி