மாசியிலேயே வலைகளை எடுத்துவிடுங்கள்

வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும், தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், ஆய்வுக் குழு ஒன்றோடு மன்னார் வளைகுடாவில் இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. கீழே மான்கொம்புப் பவளம் ஒன்று சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து நின்றது. கொம்புகளுக்கு நடுவே கிழிந்த நைலான் வலை சுற்றிக் கிடந்தது. வலையெல்லாம் சேறு. இழுத்தால் கொம்பு ஒடியும் என்று ஒவ்வொரு கண்ணியாக அறுத்தோம். ஒரு பவளத்துக்கே அரை மணி நேரம் ஆனது.

வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசிதான் வெயிலை வாங்கி அதற்குச் சோறு போடுகிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். சீக்கிரம் சூடு தணிந்தால் பாசி திரும்ப வரும், பவளமும் பிழைக்கும். 2010-இல் வெளுத்தவற்றில் பெரும்பகுதி அப்படித்தான் தேறியது. 2016-இல் நிறைய செத்துப்போயின.

கடல் சூடாவதை உங்களால் நிறுத்த முடியாது, தெரியும். ஆனால் பட்டினியில் கிடக்கும் பவளத்தின் மேல் வலையும் சேறும் சாக்கடையும் விழாமல் பார்க்க முடியும். தெளிந்த தண்ணீரும் வெயிலும் இல்லாமல் அந்தப் பாசி எப்படித் திரும்பும்?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சூடு உச்சத்துக்கு ஏறுவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். அதற்கு முன்பே, மாசி பங்குனியில், பாறைகளில் சிக்கிய வலைகளை எடுத்துவிடுங்கள். தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் அண்ணன்மாரை விட அந்தக் கடலடியை அறிந்தவர் யார்? நாள் கூலி கொடுத்து அவர்களைக் கூப்பிடுங்கள். அப்புறம், கோடை முடியும்வரை மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டித் தூர்வாரும் வேலைக்கு அனுமதி வேண்டாம். கரையூர்களின் கழிவுநீர் சுத்திகரிக்காமல் கடலில் கலப்பதையும் நிறுத்துங்கள்.

இங்கே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன.

வரும் மாசியில் தொடங்க முடியுமா? முடியாது என்றால், எது தடையாக இருக்கிறது என்றாவது எங்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக் கடலோரத்தில் வசிக்கும் ஒருவன்