பீலிக்கரை வளைவில் நிற்கும் கமராவைப் பற்றி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டியினருக்கும், தலைவர்மாருக்கும், இளைஞர் கழகத் தம்பிமாருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேர் எனக்கு மாமா, பெரியப்பா முறை. மீதிப் பேரில் பலருக்கு ஐந்தாம் வகுப்பில் நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதை நேரில் பேசித் தீர்க்கத்தான் விரும்பினேன். இரண்டு கூட்டங்களில் எழுந்தும் பார்த்தேன். "சரி டீச்சர், பிறகு பார்ப்போம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் கமரா போடும் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கமராவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. போன வருடம் நடந்த திருட்டுகள் எனக்கும் தெரியும். லயத்தின் கோடிக் காம்பராவில் (வரிசை வீட்டின் கடைசி அறையில்) தனியாக இருக்கும் பாட்டியின் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப்போனவன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரே மாதத்தில் மூன்று தடவை தண்ணீர்க் குழாயை வெட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நாளைய பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,350 ரூபா கிடைத்த அந்த நாட்களில் கமராவுக்காக வீட்டுக்கு 2,000 ரூபா கேட்டீர்கள். ஒன்றரை நாள் மலையில் கொழுந்து பறித்தால்தான் கிடைக்கும் பணம் அது. யாரும் மறுக்கவில்லை. நானும் கொடுத்தேன், மனம் ஒப்பித்தான் கொடுத்தேன். சந்தியில் பொருத்திய கமரா இருந்ததால்தான் பெரியவர் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போன லொறியின் இலக்கம் கிடைத்தது. கோயில் வாசலில் இருப்பதும், கடைத்தெருவில் இருப்பதும் நல்ல இடங்கள்தான். மூன்றும் அங்கேயே இருக்கட்டும்.

நான்காவது கமராவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

குழாய்த் திருடனைப் பிடிக்க என்று, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போகும் வளைவில், சவுக்கு மரத்தில் அதைக் கட்டினீர்கள். அது எதைப் பார்க்கிறது என்று உங்களில் எத்தனை பேர் யோசித்தீர்களோ தெரியாது. நான் பார்த்தேன். ஆடிப் பூசைக்கு நன்கொடை கொடுக்கக் கோயிலுக்குப் போனபோது, கமிட்டித் தம்பி ஒருவர் பெருமையோடு தன் போனைத் திறந்து நான்கு கட்டங்களையும் காட்டினார். மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழே வலது பக்கக் கட்டத்தில் பீலி இருந்தது. குழாய் சேரும் தொட்டி மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. துணி துவைக்கும் கல் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்தக் கல்லின் மேல், மார்போடு பாவாடையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூலையில் தேதியும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. மாலை 5.42. மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அட்டை கடித்த காலோடு குளிக்க வருகிற நேரம். அவள் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. பார்த்ததும் முகம் சிவந்து போனை மூடிவிட்டார். ஆனால் அதே செயலி ஆறு போன்களில் இருக்கிறது என்று அவரே சொன்னார். கடவுச்சொல் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த ஆறு பேர் யாரென்று கேட்டேன். நான்கு பெயர்களைச் சொன்னார், மற்ற இரண்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பின் நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை வகுப்பு முடிந்து வரும்போது அந்த வளைவில் நின்று, கூடப் படிக்கும் பையனோடு பத்து நிமிடம் பேசியிருக்கிறாள். கையில் பயிற்சிப் புத்தகம். யாரோ கமராப் பதிவை ஓடவிட்டு, அதை இன்னொரு போனால் படம்பிடித்து, தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கீழே எழுதியதை நான் திரும்ப எழுத மாட்டேன். இரவு எட்டு மணிக்குப் போட்டது, ஒன்பது மணிக்குள் அவளுடைய அப்பாவுக்குக் கொழும்பில் கிடைத்துவிட்டது. மறுநாள் முதல் அவள் டியூசனுக்குப் போகவில்லை. மூன்று வாரம் கழித்து நான் வீட்டுக்குப் போனேன். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். தேநீர் கொடுக்கக்கூட வெளியே வரவில்லை.

கேஸ் சிலிண்டர் திருட்டுக்குப் பொலிஸில் முறைப்பாடு செய்தோம். இந்தத் திருட்டுக்கு நாம் என்ன செய்தோம்? காணொளியைக் குழுவிலிருந்து அழித்துவிட்டதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா?

"தப்புச் செய்யாதவர்களுக்கு ஏன் பயம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி என்னை நாள் கணக்கில் வாட்டியது. குளிப்பது தப்பா? படிக்கிற பிள்ளை ஒருவனோடு பேசுவது தப்பா? சுகமில்லாத நாட்களில் ஒரு பெண் இரவில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போனால் அதை ஒருவன் போனில் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டுமா? கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் எல்லோரும் உள்ளே களவு செய்கிறவர்கள் இல்லை. நமக்குச் சாத்திக்கொள்ளக் கதவும் அதிகம் இருந்ததில்லை.

இதை நம்மைவிட நன்றாக அறிந்த சனம் யார்? நம் முன்னோருக்காகக் கட்டிய லயத்தை நினைத்துப் பாருங்கள். 10க்கு 12 அடிக் காம்பராக்கள், ஒரே வரிசை, ஒரே வாசல் பக்கம். ஒரு கோடியில் நின்றால் எந்தக் கதவிலிருந்து யார் வெளியே வருகிறார்கள், யார் மலைக்குப் போகாமல் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மேட்டில் துரையின் பங்களா. விடியுமுன் தப்பு மேளச் சத்தம், பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுதல், மலையில் கங்காணியின் கண், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளையின் கண். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். துண்டில்லாமல் போனவனுக்கு வேலை இல்லை. அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். என் பாட்டி அந்தச் சொல்லைக் கடைசி வரைக்கும் விடவில்லை, எந்தக் காகிதத்தைக் கண்டாலும் "இது என்ன துண்டு?" என்றுதான் கேட்பார். பிறர் கண்ணுக்குக் கீழேயே நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் நாம். இன்று அந்தக் கண்ணை நம் சொந்தப் பணத்தில், நம் சொந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறோமே என்பதுதான் என் வேதனை.

அந்த நாட்களிலும் பார்வை எட்டாத இடமாக ஒன்று இருந்தது. பீலிக்கரைதான். ஆண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள், கங்காணியும் வர மாட்டார். அது எழுதாத சட்டம். அங்கேதான் அம்மாமார் அழுதார்கள், சிரித்தார்கள், எந்தக் கணக்கில் எத்தனை கிலோ குறைத்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என் அம்மா சம்பளப் போராட்டத்துக்குப் போவதென்று முடிவெடுத்ததும் துவைக்கிற கல்லருகில் நின்றுதான். இப்போது என் அம்மா சேலையை முழுதாகச் சுற்றிக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டிக் குளிக்கிறார். அறுபத்தெட்டு வயதில்.

பாதுகாப்பு என்ற பெயரில் நம்மைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று 2018 மார்ச்சிலும் பார்த்தோம். கண்டிப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, வெறுப்புப் பேச்சைத் தடுக்க என்று அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. வெறுப்பைப் பரப்பியவர்கள் அதற்கு முன்பே பரப்பி முடித்திருந்தார்கள். கட்டாரில் வேலை செய்த என் தங்கைதான் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் துடித்தாள். பரப்பியவர்களைத் தடுக்க வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. எதைத் தடுக்கிறோம், யாரைத் தடுக்கிறோம், எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் எல்லார் வாயையும் ஒன்றாகக் கட்டினால் அடிபடுகிறவர்கள் வேறு யாரோ. நம் கமிட்டியும் அதே வழியில்தான் போய்விட்டது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக இந்த நாட்டில் இருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவதைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஆனாலும் அதன் அடிப்படை நியாயம் எளிமையானது: எதற்காக ஒருவருடைய விவரத்தை எடுத்தாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, தேவை முடிந்ததும் வைத்திருக்காதே. இதைப் பின்பற்ற நமக்குப் பொலிஸும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம்.

இனி, பாதுகாப்பு என்று உண்மையாகவே எதைச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த அந்த இரவுகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; மண்சரிவில் பெரிதும் அடிபட்டவை கண்டி, பதுளை, நுவரெலியா என்று நம் மலை மாவட்டங்கள். மின்சாரம் போனதும் நான்கு கமராவும் அணைந்துவிட்டன. சிக்னலும் இல்லை. தமிழில் எச்சரிக்கை வந்ததா, வந்தால் எந்த மணிக்கு வந்தது என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. நம்மைக் காப்பாற்றியது எது? அன்று அதிகாலை தண்ணீர் எடுக்கப் போன இரண்டு பெண்கள், பீலித் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வருவதைக் கண்டு ஓடிவந்து கதவு கதவாகத் தட்டினார்கள். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் மலை நகரப் போகிறது என்பதைப் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள், நானும் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேல் லயத்துச் சனம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிய பிறகுதான் மண் வந்தது. சேதம் மரக்கறித் தோட்டங்களோடு போயிற்று. அந்த இரண்டு பெண்களில் ஒருத்திதான் நான் கமராவில் பார்த்தவள்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அது அபாயமான இடம் என்று முன்பே அடையாளம் கண்டிருந்தார்கள். தெரிந்தவர்களுக்கும் அங்கே படுத்து எழும்பியவர்களுக்கும் இடையில் சேதி போகவில்லை, வேறிடமும் கிடைக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு நாம் எல்லோரும் மனப்பாடம் செய்யக்கூடியது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். இதை அளக்க நேரான சுவருள்ள ஒரு போத்தலும் பிள்ளைகளின் அடிமட்டமும் போதும். திறந்த வெளியில் வைத்துவிட்டு, தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். என் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றத்தில் ஒன்றை வைத்துத் தினமும் காலை குறித்து வருகிறார்கள். மேல் லயத்தில் ஒன்று, கோயிலில் ஒன்று என்று வைத்தால் நம்மை நாமே எச்சரித்துக்கொள்ளலாம்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். பீலி வளைவில் இருக்கும் கமராவைக் கழற்றி, லயத்துக்குப் பின்னால் வெடிப்பு விட்டிருக்கும் மண்மேட்டின் பக்கம் திருப்பிப் பொருத்துங்கள். குழாய்த் தொட்டிக்கு இரும்புப் பெட்டி செய்து பூட்டுப் போடலாம். பெண்கள் சங்கத்தில் சேர்ந்திருக்கும் பணத்திலிருந்து அதற்குத் தருவதாக ஏற்கெனவே பேசிவிட்டோம். வளைவில் பகலில் எதுவும் தேவையில்லை, இரவில் ஒரு விளக்கு எரிந்தால் போதும். பெண்களுக்குப் பயம் இருட்டைப் பற்றித்தான். மற்ற மூன்று கமராக்களின் பதிவை இரண்டே பேர் பார்க்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பழைய கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைத்திருக்க வேண்டாம். ஏதாவது நடந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் பொலிஸுக்குக் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள். போட்டவர் யாராக இருந்தாலும், தலைவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், கூட்டத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குக் கமிட்டியின் சார்பில் மூத்தவர்கள் போக வேண்டும். அப்பா கொழும்பிலிருந்து வரும் நாளாகப் பார்த்துப் போங்கள். அவள் மேல் குற்றம் இல்லை, குற்றம் நம்முடையது என்று அவருக்கு முன்னால் சொல்லுங்கள். பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. டியூசனுக்கு நானே அழைத்துப் போய் அழைத்து வருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள். பெண்கள் எல்லோரும் வருகிறோம். சவுக்கு மரத்தில் ஏற நீளமான ஏணி தேவைப்படும். எங்கள் வீட்டு இஸ்தோப்பில் இருக்கிறது, எந்த நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மேல் லயத்தில் பிறந்து, இன்னும் அங்கேயே வாழும் உங்கள் டீச்சர்